பரண் காலியானபோது வீடு மாறியது

வீடுகளின் வகைகள் என்ற பாடம் வந்தால் குடிசை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்று மூன்று படங்களைக் கரும்பலகையில் வரைவது நம்மில் பலருக்கும் வழக்கம். வரைந்து முடித்ததும் ‘உன் வீடு எந்த வகை?’ என்று கேட்போம். கொல்லிமலையில் நான் பணியாற்றும் பகுதியில் இந்தக் கேள்விக்குப் புல் வேய்ந்த மண்வீட்டிலிருந்து வரும் குழந்தை கையைத் தூக்கத் தயங்கும். சில குழந்தைகள் பக்கத்து நோட்டைப் பார்த்துவிட்டு ‘மாடி வீடு’ என்று எழுதிவிடுவார்கள். இதைப் பொய் சொல்லும் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் வரையும் மூன்று படங்களும் வகைகள் அல்ல, கீழிருந்து மேலே போகும் படிகள் என்று குழந்தை சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

நாம் மட்டும் அப்படிச் செய்யவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீடுகள் நிரந்தரமானவை, பகுதி நிரந்தரமானவை, தற்காலிகமானவை என்று சுவரையும் கூரையையும் வைத்தே பிரிக்கப்பட்டன. மண்சுவரும் புற்கூரையும் கொண்ட வீடு அதில் ‘தற்காலிக வீடு’. கணக்கெடுப்புக்கு அந்தப் பகுப்பு தேவைதான். வகுப்பறைக்கு அது போதாது. ஒரு வீடு எதனால் கட்டப்பட்டது என்பதோடு நின்றுவிட்டால் அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்ற சுவையான கேள்வி விடுபட்டுப் போகிறது.

கொல்லிமலையை அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ள மலைப்பகுதி இது. பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுப்பை இங்கே ‘நாடு’ என்பார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று வரும் வரிசையில் குண்டூர் நாடும் ஒன்று. மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கே பெரும்பான்மையினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி, பேசுவது தமிழ். மலைக்குப் புதிதாக மாறுதலாகி வரும் ஆசிரியர்கள் முதல் நாளில் கேட்கும் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த மலையின் பழைய வீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தரையிலிருந்து உயர்த்திய மண் மேடை. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி இருபுறமும் செம்மண் அப்பிய சுவர். மேலே காட்டு மரத்தில் கைமரங்கள், அவற்றின்மேல் அடுக்கடுக்காக மலைப்புல். சுவரையே மறைக்கும் அளவுக்குத் தாழ இறங்கும் இறவாணம். அதனால் வாசல் தாழ்வாகிவிடும், பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு மூலையில் விறகடுப்பு, அடுப்புக்கு மேலே பரண். வெளியூரிலிருந்து வருபவர்களுக்குப் பொம்மை வீடு போலத் தெரியும். ‘எவ்வளவு அழகு’ என்று படம் எடுத்துக்கொள்வார்கள். அழகுக்காக இதில் எதுவும் செய்யப்படவில்லை.

கூரையின் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லுக்குத் தண்ணீரைத் தடுக்கும் சக்தி கிடையாது. மழைத்துளி ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வழிந்து, உள்ளே இறங்குவதற்குள் இறவாணத்தை அடைந்துவிட வேண்டும். சரிவு செங்குத்தாக இருந்தால் மேலடுக்கு மட்டும் நனைந்து வெயிலில் காய்ந்துவிடும். சரிவு குறைந்தால் ஈரம் உள்ளே இறங்கிப் புல் மக்கிப்போகும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்தும்போது கலங்கரை விளக்கத்தின் உயரத்தையே எத்தனை முறைதான் கண்டுபிடிப்பது? கூரையின் உயரத்தையும் வீட்டின் பாதி அகலத்தையும் அளந்து சரிவுக் கோணத்தைக் காணச் சொல்லலாம். இரண்டும் சமமாக இருந்தால் கோணம் 45 பாகை. புற்கூரைக்கு அதற்குக் குறையாத சரிவு வேண்டும். நாட்டு ஓட்டுக்கும் சீமை ஓட்டுக்கும் அதைவிடக் குறைந்த சரிவே போதும். காங்கிரீட்டுக்குப் பெயரளவுக்கு ஒரு வாட்டம் விட்டால் சரி. கோணத்தைச் சொன்னால் கூரை எதனால் ஆனது என்று மாணவர்களே ஊகித்துவிடுவார்கள்.

தாழ்ந்த இறவாணத்துக்கும் காரணம் உண்டு. மண்சுவருக்குப் பகை மழைச்சாரல். நல்ல தொப்பியும் நல்ல காலணியும் இருந்தால் மண்சுவர் பல தலைமுறைக்கு நிற்கும். தொப்பி இறவாணம், காலணி அந்த உயர்ந்த மேடை. குனிந்து நுழைய வேண்டிய வாசல் இதற்குக் கொடுக்கும் விலைதான். நீலகிரியில் தோடர்களின் வீட்டுக்குள் தவழ்ந்தே போக வேண்டியிருக்கும். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து, பாதி பீப்பாயைக் கவிழ்த்ததுபோல அமைந்த வீடு அது. நீலகிரியின் குளிரில் சூடு வெளியே போகாமலிருக்கவும், காட்டு விலங்கு உள்ளே வராமலிருக்கவும் அந்தச் சின்ன வாசல் உதவுகிறது. அங்கும் சூழல்தான் வடிவத்தைத் தந்திருக்கிறது.

இப்போது பரணுக்கு வருகிறேன். இந்த வீட்டின் மையம் அதுதான் என்பது என் கருத்து.

கொல்லிமலையின் பழைய விளைச்சல் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, சாப்பாடு ஆண்டு முழுவதும். எனவே மனிதர்களுக்கு இருப்பதைப்போலத் தானியத்துக்கும் வீட்டில் இடம் வேண்டும். மூங்கிலில் பின்னி மண்ணும் சாணமும் பூசிய தொம்பை அதற்குத்தான். அடுத்த விதைப்புக்கான விதை பரணில் இருக்கும். கீழே அடுப்பெரிகிறது, புகை மேலே போகிறது. புகைபட்ட தானியத்தில் வண்டு விழாது, ஈரம் தங்காது. அதே புகை இன்னும் மேலே போய்க் கூரைப் புல்லுக்குள் நுழைந்து கரையான், பூச்சிகளை விரட்டிப் புல்லை உலர்த்திவிட்டு வெளியேறுகிறது. சமைப்பது, விதை காப்பது, கூரை காப்பது ஆகிய மூன்று வேலைகள் ஒரே அடுப்பில் நடக்கின்றன. இந்த வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. கூரை முழுவதுமே புகைபோக்கி.

ஜப்பானின் ஷிரகவா-கோ கிராமத்திலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். கூப்பிய கைகள் போல, 60 பாகை அளவுக்குச் செங்குத்தாக உயரும் புற்கூரைகள் அங்கே புகழ்பெற்றவை. பனிப்பொழிவு மிகுந்த ஊர் என்பதால் அவ்வளவு சரிவு. அவர்கள் பரணில் தானியத்துக்குப் பதிலாகப் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே வீட்டின் நடுவே எரியும் அடுப்பின் புகை கூரையைக் காத்தது. ஒரு வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டுமென்றால் ஊரே கூடி வேலை செய்யும். 1995இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடல் கடந்த இரண்டு மலைவாழ் சமூகங்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சமூக அறிவியல் வகுப்பில் இதைச் சொன்னால் குழந்தைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, நம் மலையில் இந்த வீடு ஏன் குறைந்துகொண்டே வருகிறது? சிமெண்ட் வந்ததால் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் சிமெண்டுக்கு முன்னால் வந்தது மரவள்ளிக் கிழங்கு. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சாமையை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம், பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். வயலிலிருந்து நேராக லாரிக்குப் போக வேண்டும். வீட்டில் சேமிக்க எதுவும் இல்லையென்றால் தொம்பை எதற்கு? பரண் எதற்கு? கையில் காசும், ரேஷன் கடையில் அரிசியும் வந்தன. பரண் காலியானது. அதற்குப் பிறகு எரிவாயு அடுப்பு வந்ததும் புகையும் நின்றது. புகை நின்ற கூரையில் பூச்சி சேர்ந்தது, புல் முன்னைவிடச் சீக்கிரம் மக்கியது. புல் வளர்ந்த தரிசுகளில் சில்வர் ஓக்கும் காபியும் மிளகும் வந்தன. ஊர் கூடிக் கூரை வேய்ந்த காலம் போய், வேலைக்குக் கூலி என்ற காலம் வந்தது. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போன இளைஞர்கள் கூரை வேயும் நாளில் ஊரில் இல்லை. ஒரு கண்ணி அறுந்ததும் மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. பயிர், எரிபொருள், வேலைமுறை மூன்றையும் தொடாமல் வீட்டை மட்டும் தனியாகப் பாடம் நடத்த முடியாது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை தேவை. பழைய வீட்டைப் புகழ்ந்து புதிய வீட்டைப் பழிக்கும் கட்டுரையாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விறகடுப்புப் புகை விதையைக் காத்தது உண்மை. அதே புகையில் அம்மாக்களின் கண்ணும் நுரையீரலும் கெட்டதும் உண்மை. மழையிரவில் ஒழுகும் கூரையின் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்களிடம் போய் ‘உங்கள் வீடு மரபுச் செல்வம்’ என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 2004 ஜூலை 16 கும்பகோணத்தை எந்த ஆசிரியரால் மறக்க முடியும்? பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரை வழியாகப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகே பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. நெருக்கமாகப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், கூரை வேய்ந்த கட்டடம் இருக்கவே கூடாது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டைக் குடிசை இல்லாத மாநிலமாக்க ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் என்று 2024இல் அறிவிக்கப்பட்டபோது மலையில் மகிழ்ச்சியடைந்த குடும்பங்கள் ஏராளம்.

ஆனாலும் வீடு கைமாறும்போது அதிலிருந்த அறிவும் கைமாற வேண்டும். கூரை போனபோது ‘சுவரை மழையிலிருந்து காக்க இறவாணம் வேண்டும்’ என்ற அறிவும் சேர்ந்து போய்விட்டது. சன்னலுக்கு மேல் ஒரு சாண் மட்டுமே நீட்டிய காங்கிரீட்டுடன் நிற்கும் புது வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காத்துக் கறுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். தகரம் போட்ட வீடுகளிலோ மழை வந்தால் பேச்சு கேட்காது. ஷீட் போட்ட வகுப்பறையில் பாடம் நடத்தியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊர்க்காரர் மண்வீட்டை இடித்துக் காங்கிரீட் போடும் அதே சாலையில், சுற்றுலாப் பயணிகளுக்காகப் புற்கூரை போட்ட ‘மண் குடில்’ எழும்புகிறது. ஓரிரவு தங்குவதற்கு அவர்கள் கொடுக்கும் வாடகையைக் குழந்தைகளிடம் சொன்னால் நம்ப மறுப்பார்கள்.

பழைய அறிவையும் புதிய கட்டுமானத்தையும் சேர்த்துக் காட்டியவர்களில் லாரி பேக்கர் முக்கியமானவர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த இவர் இந்தியாவிலேயே தங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தபோது, தான் படித்த கட்டடக்கலையைவிட அந்த ஊர் மக்களின் கல்வீடும் மரவீடும் அந்த மலைக்குப் பொருந்துவதைக் கண்டார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவருக்கு வழிகாட்டியது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காற்றறை விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’க் கட்டுமுறையை அவர் பரவலாக்கினார். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வீட்டுக்குள் வெப்பமும் குறையும். காங்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய சீமை ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைக்கும் கூரையும் அவர் பிரபலப்படுத்தியதே. திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்துக்கு அருகில் இந்தியன் காபி ஹவுஸ் ஒன்று இருக்கிறது. செந்நிறத்தில், திருகிக்கொண்டே மேலேறும் உருளை. உள்ளே தளங்கள் இல்லை, ஒரே சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. அதன் ஓரத்திலேயே மேசைகள். கல்விச் சுற்றுலாவில் அந்தப் பக்கம் போனால் மாணவர்களை அங்கே ஒரு காபி குடிக்க வையுங்கள். கட்டடம் என்றால் பெட்டி என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

அந்த ஐந்து மைல் கணக்கை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். பள்ளியை மையமாக வைத்து வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். குண்டூர் நாட்டில் போட்டால் வட்டத்துக்குள் செம்மண், கருங்கல், மூங்கில், புல், சில்வர் ஓக் மரம் வரும். சிமெண்ட், கம்பி, செங்கல் எல்லாம் வட்டத்துக்கு வெளியே. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். சமவெளியில் வாங்கும் விலையோடு ஏற்றுக்கூலி, லாரி வாடகை சேர்த்து ஒரு மூட்டை சிமெண்ட் மலையில் என்ன விலையாகிறது என்று பெற்றோரிடம் கேட்டு வரச் சொன்னால் ஆறாம் வகுப்புக்கு உயிருள்ள ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

மலையில் மட்டுமல்ல, உங்கள் ஊரிலும் விநோதமான கட்டடம் ஒன்று கட்டாயம் இருக்கும். தஞ்சை மாவட்டத்தில் பணியாற்றுபவர்கள் பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலை ஒட்டிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய வட்டமான கட்டடம், மேலே கூம்பு. 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஒரு கலம் 12 மரக்கால். அப்படியானால் எத்தனை மரக்கால் என்பது நான்காம் வகுப்புக் கணக்கு. திருவரங்கம் கோயிலிலும் இதுபோன்ற உயரமான வட்டக் களஞ்சியங்கள் உண்டு. ஏன் வட்டம்? குவித்த நெல் சுவரை வெளியே தள்ளும். சதுரமாக இருந்தால் அழுத்தம் சேர்ந்து மூலைகள் பிளக்கும். வட்டத்தில் மூலை இல்லாததால் சுவர் முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. 24 அடிக் கயிற்றால் சதுரம் போட்டால் 36 சதுர அடி கிடைக்கும். அதே கயிற்றால் வட்டம் போட்டால் ஏறத்தாழ 45.8 சதுர அடி. குறைந்த சுவரில் கூடுதல் இடம். விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டையும் போட்டு, உள்ளே எத்தனை பேர் நிற்க முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. குஜராத்தின் கட்ச் பகுதியில் ‘பூங்கா’ எனப்படும் வட்டமான மண்வீடுகள் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றதற்கும் இந்த மூலையில்லாத வடிவம் ஒரு காரணம். இந்தச் சொல்லுக்கும் தோட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமும் ஒரு சேமிப்புக் கிடங்காகத் தொடங்கியதுதான். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842இல், அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைக்கக் கட்டியது. மாதக்கணக்கில் கடலில் வந்த பனிக்கட்டி கரையாமலிருக்க மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தார்கள். மரத்தூளுக்குள் சிக்கிய காற்றுதான் வெப்பத்தைத் தடுத்தது. புற்கூரைக்குள்ளும் அதே காற்றுதான். இரண்டு டம்ளரில் சுடுநீர் ஊற்றி, ஒன்றை மட்டும் காய்ந்த புல்லால் நன்றாகச் சுற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலைமானியால் அளந்தால் ஏழாம் வகுப்பு அறிவியலில் வெப்பக் கடத்தலுக்கு வேறு சோதனை தேடவேண்டாம்.

சில கட்டடங்களுக்கு இப்படி எந்தப் பயன்பாட்டுக் காரணமும் கிடையாது, மனிதனின் ஆசைதான் காரணம். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் தேராக நிற்கிறது. ஹைதராபாத்தில் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகம் மீனாகவே நிற்கிறது. அமெரிக்காவில் 1881இல் கட்டிய யானை வடிவக் கட்டடம் ஒன்று இன்றும் இருக்கிறது. இவற்றின் படங்களைக் காட்டிவிட்டு ‘நம் பள்ளி எந்த வடிவில் இருக்கலாம்?’ என்று கேட்டால் பலாப்பழமும் அன்னாசியும் வரும். ஓவியப் பாடவேளைக்கு இது போதும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வீடு மாறும்போது சொற்களும் போய்விடுகின்றன. முகடு, மோட்டுவளை, விட்டம், கைமரம், பிளாச்சு, இறவாணம், பரண், தொம்பை, புழக்கடை. காங்கிரீட் வீட்டில் பிறந்த குழந்தைக்கு ‘விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதே’ என்பது புரியாத வசவு. ஒரு பழைய வீட்டின் முன்னால் மாணவர்களை நிறுத்தி, வீட்டுக்காரப் பாட்டியிடம் ஒவ்வொரு பாகத்தையும் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத சொற்கள் சில கட்டாயம் கிடைக்கும். சமவெளியில் வேறு பெயர், மலையில் வேறு பெயர் என்று இருந்தால் இரண்டையும் எழுதவையுங்கள்.

நடைமுறையில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ‘யார் யார் குடிசையில் இருக்கிறீர்கள்?’ என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லவே கூடாது. வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னால் வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டும். அடுக்களைக்குள் நுழைவதும் படம் எடுப்பதும் அவர்கள் சம்மதித்தால் மட்டுமே. அந்த வீட்டுக் குழந்தை அன்று மற்றவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டி விளக்குபவராக இருந்தால், கை தூக்கத் தயங்கியவர் அதே வகுப்பில் பேசத் தொடங்குவதைப் பார்க்கலாம். சென்னைக்கு அருகில் உள்ள பள்ளிகளுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா வசதி. 1996இல் திறக்கப்பட்ட அங்கே செட்டிநாட்டு வீடு உட்படத் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மலையில் இருப்பவர்கள் செயல்திட்டத்தைத் தை, மாசியில் கொடுப்பது நல்லது. மழை ஓய்ந்து புல் காய்வது அப்போதுதான், கூரையைப் பிரித்து மாற்றுவதும் அப்போதுதான். வேயத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள், பெரும்பாலும் நம் மாணவர்களின் தாத்தாக்கள். புற்கட்டை முகட்டிலிருந்து தொடங்காமல் இறவாணத்திலிருந்து மேல்நோக்கி அடுக்குவது ஏன் என்று மாணவர்களே அவரிடம் கேட்கட்டும். ஜூலையில் கொடுத்துவிட்டால் கூரையும் நனைந்திருக்கும், தாத்தாவும் காட்டு வேலைக்குப் போயிருப்பார்.